நின்றபடி கடை நடத்திய அண்ணன்

1948-ஆம் வருஷம் மார்ச் மாதம் 12-ஆம் தேதி, வெள்ளிக்கிழமை. அன்று அண்ணன் வழக்கம்போல் விடியுமுன்னே கண் விழித்தார். விழித்த உடனே எழுந்துவிட மாட்டார். தலையணை இல்லாத பலகைமேல் குப்புறப் புரண்டு, நெற்றியைக் கைமேல் வைத்து, அடுப்பில் வெந்நீர் காயும் வரையில் கிடப்பார். பிறகு ஒருக்களித்து, கையை ஊன்றி, மெல்லக் காலைத் தரையில் இறக்குவார். முதுகில் வெந்நீர் ஊற்றிக்கொண்டு வந்து கூடத்துச் சுவரில் ஒட்டி நிற்பார். குதிகால், இடுப்பு, தோள், பின்தலை நான்கும் சுவரைத் தொட வேண்டும். பின்தலை தொட்ட இடத்தில் நல்லெண்ணெய்க் கறை வட்டமாகப் படிந்திருந்தது. பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடித்தாலும் மாசிக்குள் அந்த வட்டம் திரும்ப வந்துவிடும்.

சுவருக்குப் பிறகு சங்கு ஊதுவது. சங்குக்குப் பிறகு கடற்கரை வரை நடையும், அலை குறைந்த இடத்தில் ஒரு குளியலும். வீட்டுக்கு வந்து, அண்ணி கிண்டி வைத்திருந்த உளுந்தங்களியில் குழி செய்து நல்லெண்ணெய் விட்டுச் சாப்பிட்டார். கடைக்குப் போனார். மத்தியானம் வந்து கொஞ்ச நேரம் மறுபடியும் குப்புறப் படுத்தார். சாயங்காலம் கடையில் வெள்ளிக்கிழமைச் சூடம் காட்டி, விளக்கு வைக்கும் நேரத்துக்கு வீடு வந்தார். செருப்பைக் கழற்றும்போது, "நெஞ்சு ஒரு மாதிரியா வருதுலே, தம்பி. பலகையைப் போடு" என்று என்னிடம் சொன்னார். டாக்டர் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

ஓராண்டு நிறைந்த இந்த நாளில் இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களும் நண்பர்களும், அண்ணனைப் பற்றிப் பேசும்போதெல்லாம் என்னிடம் ஒன்றையே கேட்கிறார்கள். "உங்க அப்பா முதுகு அப்படி வளைஞ்சு போச்சே, அதே சீக்கு வந்த அண்ணாச்சி எப்படி நிமிந்தே இருந்தாவ?" என்பதே அது. நம் குடும்பத்தில் இனியும் யாருக்காவது இடுப்பு விறைக்கலாம். ஆகையால் நான் கண்டதைக் கண்டபடி எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்தது சாத்தான்குளத்துக்குத் தெற்கே, தேரி என்னும் செம்மணல் மேடும் பனையும் சூழ்ந்த எங்கள் ஊரில். அப்பா ஓலையில் கட்டிய கருப்பட்டிச் சிப்பங்களை மாட்டுவண்டியில் ஏற்றித் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்து விற்பவர். அண்ணன் மீசை முளைக்கும் வயதில் அந்த வண்டியிலேயே இந்த ஊருக்கு வந்து, ஒரு கடையில் சம்பளத்துக்கு நின்று, பிறகு துறைமுகத்துக்குப் போகும் சாலையில் சொந்தமாகக் கருப்பட்டிக் கடை வைத்தார். கொழும்புக்குப் போகும் தோணிகளில் எங்கள் கடைச் சரக்கும் போகத் தொடங்கியது. என்னைப் படிக்க வைத்து ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீஸில் குமாஸ்தாவாக உட்கார வைத்ததும் அண்ணன்தான். அவர் நான்காம் வகுப்போடு நின்றவர். என்னுடைய முதல் சம்பளத்தில் நான் வாங்கிக் கொடுத்த துண்டை, "படிச்சவன் துண்டு, மடிச்சுத்தான் வைக்கணும்" என்று சொல்லிக் கடைசி வரை தோளில் போடவே இல்லை.

வயது முப்பதை எட்டுவதற்கு முன்பே முதுகுத் தொந்தரவு தொடங்கிவிட்டது. பின்னிரவில் இடுப்பில் வலி வந்து எழுப்பும். எழுந்து முற்றத்தில் நடந்தால் குறையும். காலையில் வேட்டி கட்டக் குனிய முடியாது. சிப்பம் தூக்கினதால் வந்தது என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம். அப்பாவுக்கும் அப்படித்தான் நினைத்திருந்தோம். அப்பாவின் முதுகு வருஷத்துக்கு வருஷம் முன்னால் வளைந்து, கடைசி நாட்களில் எதிரே நிற்பவரின் காலைத்தான் அவரால் பார்க்க முடிந்தது. "செருப்பைப் பாத்தே ஆளைச் சொல்லிருவேன்" என்று அதையும் வேடிக்கையாகவே சொல்வார்.

யுத்தம் தொடங்குவதற்கு முந்திய வருஷம் அப்பா காலமானார். அன்று நடந்ததை எழுதாமல் அண்ணனைப் பற்றி எழுத முடியாது. அப்பாவைப் பாடையில் கிடத்தியபோது தலை கீழே இறங்கவில்லை. கழுத்தும் முதுகும் ஒரே எலும்பாக வளைந்து போயிருந்ததால் தலை அந்தரத்தில் நின்றது. கூடியிருந்த பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அப்போது தாய்மாமா ஒரு கோணிச்சாக்கை நன்றாக மடித்து, அப்பாவின் தலைக்குக் கீழே அண்டை கொடுத்தார். அந்தக் காரியத்தை மாமா எவ்வளவு பக்குவமாகச் செய்தார் என்பதைப் பார்த்தவர்கள் அறிவார்கள். ஆனாலும் அந்தச் சாக்கு எங்கள் கண்ணை விட்டுப் போகவில்லை.

எல்லாம் முடித்துத் தலைமுழுகித் திரும்பும் வழியில் அண்ணன் என்னிடம் சொன்னார்: "எனக்குச் சாக்கு வைக்கும்படியா ஆகக் கூடாதுலே."

"என்னண்ணே பேச்சு இது?" என்றேன்.

"பேச்சு இல்லலே. இருக்கும்போது நாலு பேரு மொகத்தைப் பாத்துப் பேசணும். போகும்போது நேராக் கெடக்கணும். வேற ஒண்ணும் வேண்டாம்."

அந்த வருஷமே அண்ணனுக்கும் கழுத்து விறைக்கத் தொடங்கியது. யாராவது பின்னால் இருந்து கூப்பிட்டால் உடம்போடு திரும்புவார். அண்ணி பயந்து போனார். நாங்களும் பயந்தோம். பயந்தவர்கள் செய்யும் உபசாரமெல்லாம் செய்தோம். இலவம்பஞ்சு மெத்தை தைத்தோம். தலைக்கு இரண்டு தலையணை. மாடியில் ஒரு சாய்வு நாற்காலி. கடையில் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் திண்டு. "அசையாதீய, நாங்க எடுத்துத் தாரோம்" என்பதே வீட்டில் எந்நேரமும் பேச்சு. உறவினர்கள் பார்க்க வந்தால், "நல்லா ஓய்வு எடுக்கச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அண்ணனும் கேட்டார். ஓய்வு கூடக் கூட விறைப்பும் கூடியது. சாய்வு நாற்காலியின் வளைவு அவர் முதுகுக்கு வந்துகொண்டிருந்தது. 1941 கடைசியில் என்னோடு பேசும்போது அவர் கண் என் சட்டையின் மேல் பொத்தானில் நின்றது. அதைப் பார்த்துவிட்டு நான் சற்றுக் குனிந்து நின்றேன். அண்ணன் கண்டுகொண்டார். "நீ குனியாதலே. குனியுத வேலை எனக்கு" என்றார்.

அடுத்த வருஷம் கொழும்பில் குண்டு விழுந்த செய்தி வந்ததும் தூத்துக்குடி காலியாயிற்று. எங்கள் தெருவில் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. கடையில் சரக்கு எடுத்து வைக்கும் ஆட்கள் எல்லோரும் பெண்டு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தேரிப்பக்கம் போய்விட்டார்கள். கடையில் மிஞ்சியவர்கள் அண்ணனும் கணக்குப்பிள்ளையும்தான். கணக்குப்பிள்ளை அண்ணனைவிட மூத்தவர், ஆஸ்துமாக்காரர். அந்த நேரம் பார்த்துத் தோணி ஒன்று சரக்குக்காகக் காத்து நின்றது. சிப்பங்களை வண்டியில் ஏற்ற ஆள் இல்லை. அண்ணன் மேல்துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, சிறிய சிப்பங்களாகப் பார்த்துத் தாமே எடுத்து வைக்கத் தொடங்கினார்.

அண்ணிக்குச் செய்தி எட்டிக் கடைக்கே வந்துவிட்டார். அதற்கு முன்பு அண்ணி கடைப்படி ஏறினதே இல்லை.

"இதென்ன செய்யுதீய? நாளைக்கு எந்திரிக்க வேண்டாமா?"

"எந்திரிக்காட்டா மெத்தை இருக்குலா, அதுல கெடந்துக்கிடுதேன். தோணி நிக்குமா?"

மறுநாள் காலை வீடே அண்ணனின் முனகலுக்காகக் காத்திருந்தது. அண்ணன் எழுந்தார், முகம் கழுவினார், வேட்டியைத் தாமே கட்டினார். வழக்கமாக வெயில் ஏறும் வரை இருக்கும் விறைப்பு அன்று காப்பி ஆறுவதற்குள் தளர்ந்துவிட்டது. வியாபாரி அல்லவா, ஒரு நாள் விலையை நம்ப மாட்டார். ஆட்கள் திரும்பி வரும் வரையில் தினமும் சரக்கு எடுத்து வைத்தார். வேலை செய்த நாளுக்கு மறுநாள் முதுகு இளகியது. வெறுமனே கிடந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள் இறுகியது. இதை நன்றாகத் தெரிந்துகொண்ட பிறகுதான் டாக்டரிடம் போனார். நானும் கூடப் போனேன்.

டாக்டர் அண்ணனைக் குனியச் சொன்னார், நிமிரச் சொன்னார், மூச்சு இழுக்கச் சொல்லி மார்பைச் சுற்றி நாடா வைத்துப் பார்த்தார். "படுத்தாக் கூடுதா, நடந்தாக் கொறையுதா?" என்று கேட்டார். ஆமாம் என்றதும் சிரித்தார். "அப்போ இது சிப்பம் தூக்கி வந்த வலி இல்ல. உங்க அப்பா உங்களுக்கு எழுதிவச்சுட்டுப் போன சொத்து" என்று சொல்லி, அங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் என்ற பெயரையும் சொன்னார். பிற்பாடு நான் அதைக் கணக்குப்பிள்ளையிடம் சொன்னபோது, "அந்தப் பேரை முழுசாச் சொல்லி முடிக்கதுக்குள்ள முதுகு நிமிந்துரும்" என்றார்.

டாக்டர் மறைக்காமல் பேசினார். "இதை மாத்த என்கிட்ட மருந்து கிடையாது. வலிக்கு ஆஸ்பிரின் தாரேன், வயித்துல ஒண்ணும் இல்லாமப் போடக் கூடாது. இந்த எலும்பு ஒண்ணோட ஒண்ணு ஒட்டத்தான் செய்யும். நிமிந்தபடி ஒட்டணுமா, வளைஞ்சபடி ஒட்டணுமாங்கிறதுதான் உங்க கையில இருக்கு."

அண்ணன் கேட்டது ஒரே கேள்வி: "நிமிந்தபடி ஒட்டினா, படுத்தா நேராக் கெடக்குமா?"

"கெடக்கும்."

வீட்டுக்கு வந்ததும் மெத்தை போயிற்று. அது அண்ணியின் தங்கை பிரசவத்துக்குப் போய்ச் சேர்ந்தது. சாய்வு நாற்காலியைப் பரணில் ஏற்றினோம். தச்சரைக் கூப்பிட்டு வேப்பம்பலகையில் ஒரு படுக்கை செய்வித்தார். டாக்டர் கற்றுத் தந்த சுவர்ப் பயிற்சியும் குப்புறப் படுப்பதும் அன்று தொடங்கியவைதாம். முதல் நாள் பின்தலைக்கும் சுவருக்கும் நடுவே என் கை நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தது.

இவையெல்லாம் வீட்டுக்குள் நடப்பவை, யாரும் குறை சொல்லவில்லை. வம்பு கடையில்தான் வந்தது. நம்மவர் கடையில் முதலாளி என்றால் கல்லாப்பெட்டி அருகே சம்மணம் போட்டு உட்கார வேண்டும். நிற்பவன் வேலைக்காரன். முதலாளி நின்றால் லட்சுமியும் எழுந்து போய்விடுவாள் என்று ஒரு பேச்சு உண்டு. அண்ணன் கல்லாப்பெட்டியை மார்பு உயரத்துக்கு ஒரு மேசைமேல் ஏற்றினார். திண்டை எடுத்துவிட்டார். காலை முதல் மாலை வரை நின்றும் நடந்துமே வியாபாரம் பார்த்தார். கால் ஓய்ந்தால் தூணில் முதுகை ஒட்டிக்கொள்வார்.

தேரிப்பக்கத்திலிருந்து கருப்பட்டி கொண்டுவருகிறவர்கள் புதிதாக வந்தால், நிற்கும் அண்ணனைத் தாண்டிப் போய், உட்கார்ந்திருக்கும் கணக்குப்பிள்ளையைக் கும்பிட்டார்கள். ஒருவர் அண்ணனிடம், "ஏலே, மொதலாளிட்ட சொல்லி வண்டியை எறக்கச் சொல்லு" என்றார். அண்ணன் சிரிக்காமல் கணக்குப்பிள்ளை பக்கம் திரும்பி, "மொதலாளி, வண்டியை எறக்கச் சொல்லுதாவ" என்றார். கணக்குப்பிள்ளை பதறி எழுந்திருக்கப் போக, "உக்காருங்க மொதலாளி, எந்திச்சா லட்சுமி போயிருவா" என்று அண்ணன் அவர் தோளை அழுத்தி உட்கார வைத்தார். அதன் பிறகு வெகுநாள் வரை கணக்குப்பிள்ளையின் பெயர் எங்கள் சாலையில் மொதலாளிதான்.

எதிர்க்கடை அண்ணாச்சி மட்டும் விடவில்லை. "என்னவே, கடையை வித்தாச்சா? சம்பளத்துக்கு நிக்கீரோ?" என்று தினம் ஒரு தடவை கேட்பார்.

"உக்காந்தா இன்னும் ரெண்டு வருசத்துல உம்ம மூஞ்சியைப் பாக்க முடியாமப் போயிரும்னு டாக்டர் சொல்லுதாரு."

"அது உமக்கு லாபம்லா?"

"அதான் யோசிச்சேன். இருந்தாலும் பழகின மூஞ்சி."

அந்த அண்ணாச்சிதான் பிற்பாடு பழைய தோணி மரத்தில் ஒரு கட்டை செய்து கொண்டுவந்து, "காலை மாத்தி மாத்தி இதுல வச்சு நில்லும்" என்று சொல்லிப் போட்டுவிட்டுப் போனார்.

மூச்சை நிறைய இழுத்து விடவில்லை என்றால் விலாவும் இறுகிவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சும்மா மூச்சு விடுவது அண்ணனுக்குப் பிடிக்கவில்லை. "செஞ்சமா செய்யலையான்னு தெரிய மாட்டேங்கு" என்றார். ஒரு நாள் கடற்கரையில் சங்கு குளிப்பவர் ஒருவரிடம் நல்ல சங்கு ஒன்றை வாங்கி, முனை அறுத்துக் கொண்டுவந்தார். மறுநாள் விடியற்காலை, சுவர்ப் பயிற்சி முடிந்ததும், வீட்டு முற்றத்தில் நின்று மார்பு நிறைய மூச்சு இழுத்து ஊதினார்.

விடியற்காலையில் ஒரு வீட்டிலிருந்து சங்குச் சத்தம் கேட்டால் நம் ஊரில் என்ன பொருள் என்பதை அவரும் யோசிக்கவில்லை, நாங்களும் யோசிக்கவில்லை. எதிர்வீட்டு அம்மாள் தலையை அள்ளி முடிந்துகொண்டே ஓடிவந்தார். பின்னால் தெருவே வந்தது. "எப்போ போனாவ? நேத்து நல்லாத்தான இருந்தாவ?" என்று அவர் அண்ணியைக் கட்டிக்கொண்டார். அண்ணிக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவரும் சேர்ந்து அழத் தொடங்கினார். அண்ணன் கையில் சங்கோடு முற்றத்திலிருந்து உள்ளே வந்து, "யாரு போயிட்டா?" என்று கேட்டார். எதிர்வீட்டு அம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீங்கதான்" என்றார்.

சிரிப்பு அடங்கிய பிறகு, சங்கை விட்டுவிடலாம் என்று அண்ணி சொன்னார். தெருக்காரர்களே விட வேண்டாம் என்றுவிட்டார்கள். சில நாட்களில் பழகியும் விட்டார்கள். பால்காரர் அந்தச் சங்கைக் கேட்டுத்தான் எங்கள் தெருவுக்குள் திரும்புவார்.

சாப்பாட்டைப் பற்றியும் கேட்கிறார்கள். இதைச் சாப்பிட்டு நோய் போயிற்று என்று எழுதினால் அது பொய்யாகும். நோய் போகவில்லை. உடம்பு கனத்தால் முதுகு சுமக்க வேண்டும் என்பதால் வயிறு நிறையச் சாப்பிடுவதை விட்டார். ரேஷன் காலத்தில் அரிசி குறைந்தபோது நாங்கள் அலுத்துக்கொண்டோம். அண்ணன் கம்பங்கூழையும் கேப்பைக் களியையும் பிடித்துக்கொண்டு, அரிசி தாராளமாகக் கிடைத்த நாளிலும் விடவில்லை. மீன், முருங்கைக்கீரை, உளுந்து இவை தவறாது. இரவுச் சாப்பாடு விளக்கு வைத்த உடனே. சனிக்கிழமை எண்ணெய் தேய்த்து வெந்நீர்க் குளியல். இருபது வருஷமாகப் பிடித்துவந்த சுருட்டை, மூச்சுக்கு ஆகாது என்று டாக்டர் சொன்ன அன்றே கடலில் எறிந்தார். மற்ற எல்லாவற்றையும்விட அவருக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது. மாதக்கணக்கில் வெற்றிலையை வெறுமனே சுருட்டி விரலிடுக்கில் வைத்துக்கொண்டிருப்பார்.

எல்லா நாளும் நல்ல நாளாக இருக்கவில்லை. 1945-ல் ஒரு கண் இரத்தச் சிவப்பாகி வெளிச்சம் பார்க்க முடியாமல் ஒரு மாதம் இருட்டறையில் இருந்தார். இதுவும் அந்த நோயின் கிளைதான் என்று டாக்டர் உடனே மருந்து விட்டதால் பார்வை தப்பியது. முழங்காலும் வீங்கிற்று. அந்தச் சமயத்தில் தாய்மாமா பிரியத்தினால் சாத்தான்குளத்திலிருந்து ஒரு தடவு வைத்தியரைக் கூட்டிவந்துவிட்டார். குப்புறப் படுக்க வைத்து, முதுகில் காலை வைத்து மிதித்து எலும்பைத் தட்டி எடுப்பது அவர் முறை. ஒட்டிய எலும்பு அழுத்தினால் ஒடியும் என்று டாக்டர் முன்பே எச்சரித்திருந்தார். அண்ணன் வைத்தியருக்குச் சாப்பாடு போட்டு, ஆத்தூர் வெற்றிலை கொடுத்து, வண்டிச் செலவும் கொடுத்து அனுப்பிவைத்தார். மாமாவுக்குக் கோபம்.

"ஒங்க அப்பனைப் போல ஆகப் போறலே. நான்தான திரும்பவும் சாக்கு மடிக்கணும்?"

"மடிச்சே வச்சிருங்க மாமா. வேணுமா வேண்டாமான்னு அப்போ பாப்போம்" என்றார் அண்ணன்.

ஒவ்வொரு பொங்கலுக்கும் சுவரை வெள்ளையடித்த மறுநாள் அண்ணன் புதுச் சுவரில் ஒட்டி நிற்பார். என்னைக் கூப்பிட்டு, பின்தலைக்குப் பின்னால் கையை நுழைத்துப் பார்க்கச் சொல்வார். முதல் வருஷம் கை நுழைந்தது. பிறகு விரல்கள் மட்டும். 1946-க்குப் பிறகு ஒரு வெற்றிலைகூட நுழையவில்லை. இடுப்பு முற்றிலும் ஒட்டிவிட்டது, குனிந்து ஒரு காசை எடுக்க முடியாது. ஆனால் நிமிர்ந்தபடி ஒட்டியது. தன் மூத்த மகள் கல்யாணத்தில் பந்தல் வாசலில் நின்று, வந்தவர் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்து அண்ணன் வரவேற்றார். நம் குடும்பத்தார் பலருக்கு இது நினைவிருக்கும்.

கூப்பிட்ட நேரமெல்லாம் வந்து, ஆகாததை ஆகாது என்றே சொன்ன டாக்டர் அவர்களுக்கும், மொதலாளி என்ற பெயரைப் பொறுமையாகச் சுமந்த கணக்குப்பிள்ளை அவர்களுக்கும், எதிர்க்கடை அண்ணாச்சிக்கும், பலகை செய்த தச்சருக்கும், களி கிண்டிய கையை ஒரு நாளும் ஓயவிடாத எங்கள் அண்ணிக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. எதிர்வீட்டு அம்மாளுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். மார்ச் 13-ஆம் தேதி சனிக்கிழமை காலை அண்ணனுக்காக ஊதிய சங்கின் முதல் சத்தத்தைக் கேட்டு, அழுது ஓய்ந்து எங்கள் வீட்டிலேயே கண்ணயர்ந்திருந்த அவர் திடுக்கிட்டு எழுந்து, "அண்ணாச்சி எந்திச்சிட்டாவ, அடுப்பைப் பத்த வைக்கேன்" என்று சமையற்கட்டுப் பக்கம் நாலு அடி நடந்துவிட்டார்.

ஆனால் அன்று காலை முதலில் நடந்தது சங்கு அல்ல. அதற்கும் முன்னால், வெளிச்சம் வந்த உடனே, தாய்மாமா சாத்தான்குளத்திலிருந்து வந்து இறங்கினார். கக்கத்தில் மடித்த கோணிச்சாக்கு. நேராக அண்ணன் கிடந்த பலகைக்கு வந்து, தலைமாட்டில் உட்கார்ந்து, அண்டை கொடுப்பதற்காகத் தலைக்கும் பலகைக்கும் நடுவே கையை நுழைக்கப் பார்த்தார். கை போகவில்லை. மறுபக்கம் பார்த்தார். தோளுக்குக் கீழே பார்த்தார். எங்கும் போகவில்லை.

"நேராக் கெடக்கான்" என்றார். கொஞ்ச நேரம் அண்ணன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அந்தச் சாக்கின் மடிப்புகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, தரையில் விரித்து, அதன்மேல் உட்கார்ந்தார்.